"எங்கட ஆள்" லிஸ்ற் போடுறதுக்கு முந்தி 1954ஐ ஒருக்கா பாருங்கோ: ரொறன்ரோத் தமிழ் அமைப்புகளுக்கு ஒரு திறந்த மடல்

ரொறன்ரோவில இருக்கிற தமிழ்ச் சங்கங்கள், ஊர்ச் சங்கங்கள், பழைய மாணவர் சங்கங்கள், வர்த்தக அமைப்புகள், மற்றது எலெக்சன் வரேக்க மட்டும் முளைக்கிற ஒன்றியங்கள், எல்லாருக்கும் வணக்கம்.

2026 ஒக்ரோபர் 26 சிட்டி எலெக்சன். நீங்கள் வழக்கம்போல "எங்கட ஆக்கள்" லிஸ்ற் போட வெளிக்கிடுவியள் எண்டு தெரியும், அதுதான் முந்திக்கொண்டு எழுதுறன். போனமுறை வட்சப்பில வந்த நோட்டீஸ் ஒண்டு இன்னும் என்ர போனில கிடக்கு. வேட்டி சால்வையோட ஒரு படம், பக்கத்தில குத்துவிளக்கு, "தமிழர் வாக்கு தமிழருக்கே" எண்டு சிவப்பிலயும் மஞ்சளிலயும் பெரிய எழுத்து, வார்ட் நம்பர் மட்டும் கீழ் மூலையில கண்ணாடி போட்டாலும் தெரியாத சைசில. பஸ்ஸுக்கு என்ன செய்யப்போறார், வாடகைக்கு என்ன சொல்லுறார், ஒரு வரி இல்லை. அனுப்பின தம்பிக்கு போன் எடுத்துக் கேட்டன், "முதல்ல எங்கட ஆள் உள்ளுக்குப் போகட்டும் அண்ணை, பேந்து பாப்பம்" எண்டார்.

உந்தக் கதையை இந்த நகரம் எங்களுக்கு நூறு வருசத்துக்கு முந்தியே கேட்டுட்டுது. அப்ப சொன்னவை நாங்கள் இல்லை, ஒறேஞ்ச்காரர்.

ஒறேஞ்ச் ஓர்டர் எண்டால் என்ன எண்டு எங்கட ஆக்களில கனபேருக்குத் தெரியாது, தெரிஞ்சிருக்கவும் நியாயமில்லை. அயர்லாந்தில தொடங்கின புரட்டஸ்தாந்துச் சகோதரர் சங்கம் அது. 1690இல போய்ன் ஆத்தங்கரையில புரட்டஸ்தாந்து ராசா வில்லியம் கத்தோலிக்க ராசா ஜேம்ஸை அடிச்சுக் கலைச்ச நாளை ஒவ்வொரு ஜூலை 12க்கும் ஊர்வலம் போய்க் கொண்டாடுவினம். வெள்ளைக் குதிரையில ராசா வேசம் போட்ட ஒருத்தர், மேளம், குழல், கொடி எண்டு ரொறன்ரோத் தெருவே நிறைஞ்சு போகும். இந்த நகரத்துக்கு "கனடாவின்ர பெல்ஃபாஸ்ற்" எண்டே ஒரு பேர் இருந்தது. இருபதாம் நூற்றாண்டின்ர முதல் பாதியில மேயரா இருந்தவையில பெரும்பாலான ஆக்கள் ஒறேஞ்ச்காரர்தான். பொலிஸில, ஃபயர் டிப்பார்ட்மென்டில, ஸ்ட்ரீட்காரில வேலை வேணுமெண்டால் லொட்ஜ் எண்டு சொல்லுற ஒறேஞ்ச் கிளைச் சங்கத்தில மெம்பரா இருந்தால் வழி கொஞ்சம் லேசு. அயர்லாந்துக் கத்தோலிக்கர், யூதர், இத்தாலியர் எல்லாம் வெளியில நிண்டு பாக்க வேண்டியதுதான்.

அவையை நான் பேய் பிசாசு எண்டு சொல்ல வரேல்ல, இதைக் கவனமா வாசியுங்கோ. கப்பலால வந்து இறங்கினவனுக்கு அறை பாத்துக் குடுக்கிறது, வேலை எடுத்துக் குடுக்கிறது, வருத்தம் வந்தால் காசு, செத்தால் செத்தவீட்டுச் செலவு, விதவைக்கு உதவி, இதெல்லாம் லொட்ஜ் செய்தது. எங்கட ஊர்ச் சங்கம் செய்யிற வேலையேதான். உதவி செய்யிற சங்கத்துக்கும் ஊரை ஆளுற சங்கத்துக்கும் நடுவில கோடு எங்கை எண்டு அவைக்கே தெரியாமல் போனதுதான் பிரச்சினை.

அந்த நகரம் எப்பிடி இருந்தது எண்டு இப்ப இருக்கிற பிள்ளையளுக்குச் சொன்னால் நம்பாதுகள். ஞாயிற்றுக்கிழமை எண்டால் பூங்காவில ஊஞ்சலைச் சங்கிலி போட்டுப் பூட்டி வைப்பினம், பிள்ளையள் ஆடக்கூடாதாம். ஈற்றன்ஸ் கடையின்ர கண்ணாடி ஜன்னலுக்குத் திரைச்சீலை இழுத்து விடுவினம், தெருவால போறவன் ஞாயிற்றுக்கிழமையில சாமானைப் பாத்து ஆசைப்படக் கூடாது எண்டு. ஞாயிறில காசு வாங்கி பேஸ்போல் மாச் வைக்கலாமா எண்டுறதுக்கே 1950இல சனத்திட்ட வோட்டு எடுக்க வேண்டி வந்தது. அதை முன்னுக்கு நிண்டு நடத்தின ஆள் அலன் லம்போர்ட், பேந்து மேயரா வந்தவர். யூதருக்கு இன்னும் மோசம். 1933 ஓகஸ்ட் 16 கிறிஸ்ரி பிற்ஸ் பூங்காவில பேஸ்போல் மாச் முடியேக்க ஆரோ ஸ்வஸ்திகா கொடியை விரிக்க, மணித்தியாலக் கணக்கா அடிபாடு நடந்தது. அந்தக் காலத்தில ஒரு யூதர் இந்த நகரத்துக்கு மேயரா வருவார் எண்டு ஆரும் சொல்லியிருந்தால் சிரிச்சிருப்பினம்.

இனி 1954க்கு வாறன். அந்த வருசம் இந்த நகரத்துக்கு ஒரே அமளி. ஜனவரி 1ஆம் திகதி ரொறன்ரோவையும் சுத்தி இருந்த 12 ஊர்களையும் சேத்து மெற்றோ எண்டு ஒரு புது ஆட்சி தொடங்கினது. ஸ்காபரோவும் அதில ஒண்டு, அப்ப அது பாதிக்கு மேல தோட்டக்காணி. மெற்றோவுக்கு முதல் தலைவர் ஃபிரெட்ரிக் கார்டினர். ஓம், 2009 மே 10ஆம் திகதி எங்கட சனம் பிள்ளையளையும் கூட்டிக்கொண்டு ஏறி மறிச்சு இருந்த அதே கார்டினர் எக்ஸ்பிரஸ்வே அந்த ஆளின்ர பேரில உள்ளதுதான். மார்ச் 30 கனடாவின்ர முதல் சப்வே ஓடத் தொடங்கினது, யூனியனில இருந்து எக்லின்டன் வரைக்கும். ஜூன் மாதம் மேயர் லம்போர்ட் வேலையை விட்டுட்டு, நகரத்தின்ர பஸ்ஸும் சப்வேயும் ஓட்டுற ரீரீசியின்ர நிர்வாகத்துக்குப் போயிட்டார். அவற்ற கதிரையில வந்து இருந்தவர் லெஸ்லி சோண்டர்ஸ். அவர் மேயருக்கெண்டு நிண்டு வெண்டவர் இல்லை. அப்ப மேயரோட சேந்து முழு நகரமும் தெரிவு செய்யிற நாலு கொன்ட்ரோலர்மார் இருந்தவை, சோண்டர்ஸ் அதில ஒருத்தர். இடையில மேயர் போனால் அவைக்குள்ள இருந்து ஒருத்தர் வாறது முறை, அந்த முறையில வந்தவர். ஒறேஞ்ச் ஓர்டரில பெரிய பொறுப்பில இருந்த ஆள், அதை ஒளிச்சு வைக்கிற ஆளும் இல்லை.

கதிரையில இருந்து ரெண்டு கிழமை சொச்சம்தான் போயிருக்கும், ஜூலை 12 வந்தது. மனுசன் போய்ன் சண்டையையும் ஒறேஞ்ச் ஓர்டரையும் புகழ்ந்து ஒரு வாழ்த்துச் செய்தி எழுதி, அதை மேயரின்ர உத்தியோக லெற்றர்ஹெட்டில வெளியில விட்டார். மேல ரொறன்ரோ நகரம், மேயர் அலுவலகம் எண்டு அச்சு, கீழ ஒரு பகுதி சனம் இன்னொரு பகுதி சனத்தை அடிச்ச கதையின்ர கொண்டாட்டம். லொட்ஜ் கூட்டத்தில வாயால சொல்லியிருந்தால் ஒருத்தரும் கணக்கெடுத்திருக்க மாட்டினம், வருசா வருசம் சொல்லுற கதைதானே. கத்தோலிக்கரும் வரி கட்டி அச்சடிச்ச பேப்பரில வந்தபடியால்தான் அமளி. பத்திரிகைகள் பிடிச்சுக்கொண்டுதுகள், நகரசபைக்குள்ளயும் கண்டனம். முந்தின மேயர்மாரும் அதே லொட்ஜ்தான், அதே ஊர்வலத்தில முன்னுக்குப் போனவைதான், ஆனால் 1954இல ரெண்டாம் உலக யுத்தம் முடிஞ்சு ஒன்பது வருசம், இத்தாலியில இருந்தும் போலந்தில இருந்தும் உக்ரைனில இருந்தும் கப்பல் கப்பலா சனம் வந்து இறங்கின நேரம், ஊர் மாறிப்போச்சு, மேயரின்ர மேசைக்கு மட்டும் அந்தச் செய்தி போய்ச் சேரேல்ல.

இந்த இடத்தில நேதன் ஃபிலிப்ஸ் வாறார். ப்றொக்வில்லில பிறந்த யூத வழக்கறிஞர், 1926இல இருந்து நகரசபையில இருந்தவர். புரட்சிக்காரர் எண்டு நினைச்சிடாதையுங்கோ, சரியான கொன்சவேற்றிவ் ஆள். 1951இலயும் மேயருக்கு நிண்டு தோத்தவர். இந்தமுறை அவர் பிடிச்ச வார்த்தை "எல்லாச் சனத்துக்குமான மேயர்". யூதர் எல்லாரும் எனக்குப் போடுங்கோ எண்டு அவர் கேக்கேல்ல. கேட்டிருந்தாலும் அந்த வோட்டை மட்டும் வைச்சு அவர் வெல்ல ஏலாது, ஊரில பெரும்பான்மை பிரிட்டிஷ் வழிச் சனம். லெற்றர்ஹெட்டைப் பாத்து முகம் சுழிச்ச கத்தோலிக்கர், லொட்ஜ் ஆட்சியில அலுத்துப்போன புரட்டஸ்தாந்தர், புதுசா வந்து பிரஜாவுரிமை எடுத்தவை, எல்லாரையும் சேத்தால்தான் கணக்குச் சரிவரும் எண்டு அந்த மனுசனுக்கு விளங்கினது.

இதுக்கிடையில ஒக்ரோபர் 15 இரவு ஹேசல் புயல் அடிச்சது. ஹம்பர் ஆறு பெருக்கெடுத்து ரேமோர் ட்ரைவ் எண்ட ஒரே தெருவில 35 பேரை இழுத்துக்கொண்டு போச்சு, கனடாவில மொத்தம் 81 பேர் செத்தவை. அதுக்குப் பிறகுதான் ஆத்துப் பள்ளத்தில வீடு கட்டக் கூடாது எண்டு காணியளை எடுத்துப் பூங்காவாக்கத் தொடங்கினவை. ஆத்தங்கரைப் பார்க்குகளில நீங்கள் ஊர் ஒன்றுகூடல் வைச்சு ஆட்டிறைச்சி வாட்டேக்க, ஏன் இஞ்சை ஒரு வீடும் இல்லை எண்டு ஆராவது யோசிச்சிருக்கிறியளோ? நகரசபை அரசியல் எண்டால் அந்த மாதிரி விசயம்தான், ஆர் எந்தச் சாதி எந்தச் சமயம் எண்டுறதைத் தண்ணி பாக்கிறேல்ல.

டிசம்பர் 6 வோட்டு. ஃபிலிப்ஸ் வெண்டார், சோண்டர்ஸ் ரெண்டாவது, ஆதர் பிறவுன் மூண்டாவது. ரொறன்ரோவுக்கு முதல் யூத மேயர், கிறிஸ்ரி பிற்ஸ் நடந்து 21 வருசத்தில.

இந்தக் கதையைச் சொல்லுறவை இந்த இடத்தில நிப்பாட்டிக் கைதட்டிப்போட்டுப் போயிடுவினம். எனக்கு உது சரியாப் படேல்ல. ஃபிலிப்ஸுக்கு விழுந்த வோட்டு பாதியும் இல்லை. மற்றப் பக்கத்து வோட்டு ரெண்டாப் பிரிஞ்சுது. நேருக்கு நேர் நிண்டிருந்தால் என்ன நடந்திருக்கும் எண்டு ஆருக்குத் தெரியும். ஒறேஞ்ச்காரரும் அடுத்த நாளே காணாமல் போகேல்ல, 1966இல வெண்டு 1972 வரைக்கும் மேயரா இருந்த வில்லியம் டெனிசனும் ஒறேஞ்ச்காரர்தான். ஒரு இரவில ஊர் திருந்தினது எண்ட கதை மேடைக்கு நல்லது, நடந்தது வேற. "எங்கட ஆள்" எண்ட கயிறு அறுந்துபோகேல்ல, முந்தி மாதிரித் தனியா வெண்டு குடுக்கிற பலம் மட்டும்தான் போனது. எங்களுக்குப் பாடம் இருக்கிறது அதிலதான். பெரும்பான்மைச் சனத்தின்ர பேரில ஊரை ஆண்ட லொட்ஜுக்கே அந்தக் கணக்குப் பிழைச்சால், ஒரு வார்ட்டில கூடப் பெரும்பான்மை இல்லாத எங்களுக்கு எப்பிடிச் சரிவரும்?

இன்னுமொண்டும் சொல்ல வேணும், ஏனெண்டால் ஃபிலிப்ஸுக்குக் கோயில் கட்ட நான் வரேல்ல. புது சிட்டி ஹோல் வேணும் எண்டு விடாமல் நிண்டவர் அவர். 1955இல சனம் காசு செலவழிக்க ஏலாது எண்டு வோட்டுப் போட்டிது, அடுத்த வருசம் திருப்பிக் கேட்டு ஓம் எண்டு வாங்கினார். 1958இல உலகப் போட்டி வைச்சு ஃபின்லாந்துக்காரர் வில்யோ ரெவெல்லின்ர வடிவமைப்பை எடுத்தவை. ரெண்டு வளைஞ்ச கட்டடம், நடுவில சிப்பி மாதிரி மண்டபம், முன்னுக்கு நேதன் ஃபிலிப்ஸ் ஸ்குவயர். பனி காலத்தில பிள்ளையளைச் சறுக்கக் கூட்டிக்கொண்டு போய் படம் எடுத்து ஃபேஸ்புக்கில போடுறம் பாருங்கோ, அந்த இடம்தான். அந்த இடம் முந்தி என்ன தெரியுமோ? எலிசபெத் தெருவைச் சுத்தி இருந்த பழைய சீனாடவுன். அதுக்கும் முந்தி கிழக்கு ஐரோப்பாவில இருந்து வந்த ஏழை யூதர், பழைய துணி வண்டிக்காரர், தையல்காரர் நெருக்கியடிச்சு இருந்த இடம். காணி எடுக்கிற வேலை ஃபிலிப்ஸுக்கு முந்தியே தொடங்கினது, ஆனால் சீனாடவுனின்ர பெரும்பகுதி இடிஞ்சது அவற்ற காலத்தில. எல்லாச் சனத்துக்குமான மேயர் எண்டு வந்தவரின்ர காலத்திலயே ஒரு சனத்தின்ர சாப்பாட்டுக் கடையும் சங்கக் கட்டடமும் வீடும் போச்சு. மிச்சம் இருந்ததையும் எடுக்க வெளிக்கிட்ட நேரம் 1960களின்ர கடைசியில ஜீன் லம் எண்ட அம்மா சனத்தைத் திரட்டிக்கொண்டு போய் மறிச்சவ. அவ நகரசபை உறுப்பினரே இல்லை, சாப்பாட்டுக் கடை வைச்சிருந்த ஆள். சிட்டி ஹோலுக்குள்ள சீன ஆக்கள் ஒருத்தரும் இல்லாத நேரம் கேள்வியைக் கொண்டுபோய் மேசையில வைச்சவ அவதான்.

அதால "எங்கட ஆள்" லிஸ்றையும் நான் நம்பேல்ல, "நான் எல்லாருக்கும் பொது" எண்டு பொன்னாடை வாங்குற ஆளையும் சும்மா நம்பேல்ல. என்ன செய்யப்போறாய் எண்டு கேட்டு, வாயைத் திறக்க வைச்சு, எழுதி வைச்சால்தான் எனக்கு நம்பிக்கை.

1954இல எங்கட ஆக்கள் இஞ்சை எத்தினை பேர் இருந்திருப்பினம்? 1951இல கனடா சிலோனுக்குக் குடுத்த கோட்டா வருசத்துக்கு 50 பேர், இந்தியாவுக்கு 150. அவ்வளவுதான். அதில இருந்து வந்து இண்டைக்கு நீதன் சாண் 2017 இடைத்தேர்தலில வெண்டு ரொறன்ரோ நகரசபைக்குள்ள போன முதல் தமிழரானார், 2023இல பார்த்தி கந்தவேள் ஸ்காபரோ சவுத்வெஸ்ற்றில வெண்டார். எனக்கும் சந்தோசம்தான், இல்லை எண்டு பொய் சொல்ல மாட்டன். ஆனால் அந்த வார்ட்டுகளில சீனர், பிலிப்பினோ, வங்காளி, கரிபியன் சனம், வெள்ளைக்காரர் எல்லாரும் இருக்கினம். அவையும் போட்டபடியால்தான் வெற்றி. அவையின்ர போனுக்கும் உங்கட "தமிழர் வாக்கு தமிழருக்கே" நோட்டீஸ் போய்ச் சேரும், கூகிள் ட்ரான்ஸ்லேற் எல்லாற்ற கையிலயும் இருக்கு. சோண்டர்ஸின்ர லெற்றர்ஹெட்டுக்கு நடந்தது அதுக்கும் நடக்கும்.

சரி, ஆளைப் பாக்காட்டில் என்னத்தைப் பாக்கிறது? ஒரு உதாரணம் மட்டும் சொல்லுறன். அறை அறையா வாடகைக்கு விடுற வீடுகள் ஸ்காபரோவில கனகாலம் சட்டத்துக்கு மாறு. 2024 மார்ச் 31இல இருந்து லைசன்ஸ் எடுத்தால் நகரம் முழுக்கச் செய்யலாம் எண்டு நகரசபை மாத்தினது. இதில தமிழரின்ர நிலைப்பாடு என்ன? லைசன்ஸ் இல்லாமல் ஆறு ஸ்ரூடன்ற்மாரை பேஸ்மென்டில அடைச்சு வைச்சிருக்கிறவரும் தமிழர். அந்த ஆறு பேரில நாலு பேரும் தமிழ்ப் பிள்ளையள், ஒரு குசினி, ஒரு பாத்ரூம், புகை அலாரத்தில பற்றறி இல்லை. பக்கத்து வீட்டில இருந்து சிட்டியின்ர 311 நம்பருக்கு அடிச்சுக் கொம்பிளெயின்ட் பண்ணுறவரும் தமிழர். இந்த மூண்டு பேரில "எங்கட ஆள்" ஆருக்கு எங்கட ஆள்? வீட்டுக்காரருக்கும் வாடகைக்காரருக்கும் நடுவில கவுன்சிலர் ஒரு பக்கம் கையைத் தூக்கித்தான் ஆகவேணும். உங்கட லிஸ்றில இருக்கிற ஆள் எந்தப் பக்கம் தூக்குவார் எண்டு லிஸ்ற் போட்ட உங்களுக்கே தெரியாது. இல்லாட்டித் தெரிஞ்சும் சொல்லுறியள் இல்லை, ஏனெண்டால் கூட்டத்துக்கு ஸ்பொன்சர் பண்ணுறது வீட்டுக்காரர்.

பஸ் கதையும் அப்பிடித்தான். 2023 ஜூலை 24 ஸ்காபரோ ஆர்ரி ரயில் தடம் புரண்டு ஆக்கள் காயப்பட்டு, அதோட லைனையே மூடிப்போட்டு பஸ் விட்டவை. விடியக் காலமை வேலைக்குப் போற அம்மாமார் ஸ்ரொப்பில விறைச்சுக்கொண்டு நிக்கினம். அவையின்ர படம் ஒரு நோட்டீசிலயும் வாறேல்ல.

2022 சிட்டி எலெக்சனில நூறு பேரில முப்பது பேர் கூட வோட்டுப் போடேல்ல. கவுன்சிலர் வார்ட் வெறும் 25தான் இப்ப, 2018இல டக் ஃபோர்ட்டின்ர மாகாண அரசாங்கம் வர இருந்த 47ஐ வெட்டி 25 ஆக்கினது. ஒவ்வொரு வார்ட்டிலயும் லட்சத்துக்குக் கிட்ட, கனத்தில அதுக்கும் மேல சனம். இவ்வளவு குறைய ஆக்கள் வோட்டுப் போடுற இடத்தில, கேள்வி கேட்டுப் பதில் வாங்கி அதை வீடு வீடாக் கொண்டுபோற ஒரு அமைப்புக்கு எவ்வளவு பலம் இருக்கும் எண்டு யோசியுங்கோ. நீங்கள் அந்தப் பலத்தைக் கொண்டுபோய்க் குத்துவிளக்குப் படத்தில செலவழிக்கிறியள்.

இப்ப நான் கேக்கிறது இவ்வளவுதான். செப்ரெம்பர் முடியுறதுக்குள்ள லிஸ்ற் ஒண்டும் போடாதையுங்கோ. அதுக்குப் பதிலா ஸ்காபரோவில ஒரு ஹோல் எடுத்து, வார்ட்டில நிக்கிற எல்லாரையும் கூப்பிடுங்கோ, தமிழரோ இல்லையோ எல்லாரையும். தமிழில கேக்கிற ஆச்சிக்கு மொழிபெயர்க்க ரெண்டு பிள்ளையளை வையுங்கோ. பக்கத்தில இருக்கிற பள்ளிவாசலையும் சீன முதியோர் சங்கத்தையும் பிலிப்பினோ ஆக்களையும் கூப்பிடுங்கோ. வாடகை வீடு, பஸ், மழைக்கு பேஸ்மென்டில தண்ணி ஏறுறது, சொத்து வரி, இந்த நாலிலயும் ஓமா இல்லையா எண்டு மேடையில சொல்ல வைச்சு, வீடியோ எடுத்து அப்பிடியே போடுங்கோ. பாதி வெட்டி ஒட்டாமல் முழுசாப் போடுங்கோ. சங்கத்தின்ர லெற்றர்ஹெட்டில ஒருத்தருக்கும் ஆதரவுக் கடிதம் எழுதாதையுங்கோ. தலைவருக்கு ஒரு ஆளைப் பிடிச்சால் சொந்தப் பேரில எழுதட்டும், அது அவற்ற உரிமை.

கேள்வியளை எழுதித் தர நான் ரெடி, கதிரை அடுக்கவும் வாறன், முடிய ஹோல் கூட்டவும் நிப்பன். ஒரே ஒரு நிபந்தனை: முன் வரிசையை ஸ்பொன்சர்மாருக்கு ஒதுக்கக் கூடாது, பொன்னாடையும் வேண்டாம்.

இப்படிக்கு,
ஸ்காபரோவில இருந்து ஒரு வோட்டர்